மூலையில் ஒரு பித்தளைப் பூ

ஜூன் 9

என் செல்ல மிளகுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சுகம். கடை வாசலில் படுத்திருக்கும் நாயும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அந்த ஹோமில் வேளைக்குச் சாப்பாடு போடுகிறார்களா? போடாவிட்டால் ஒரு வரி எழுது. மாமா வந்து வாசலில் நின்றால் அங்கே அடுப்பு தானாகப் பற்றிக்கொள்ளும்.

உன்னை எங்கோ ஒரு பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிப்போய் ஹோமில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் போட்ட சத்தத்தில், கடையில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. ஒன்றாவது உடையணுமே? உடையாது. நான் வெட்டிய கண்ணாடி. கட்டரைக் கையில் எடுத்த நாளிலிருந்து ஒரு வெட்டு பிசகினதில்லை. ஊருக்கே தெரியும்.

ஹோமுக்கு போன் போட்டேன். ஒரு மேடம் எடுத்தார். பிள்ளைகளுக்கு இங்கே போன் கிடையாது, கடிதம் எழுதினால் கொடுப்போம் என்றார். “நான் யாருன்னு தெரியுமா? கண்ணாடி இன்ஜினியர்!” என்றேன். “சந்தோஷம். முகவரி சொல்றேன், எழுதிக்கோங்க” என்றார். என்ன திமிர் பார்த்தாயா? சமூகப் பணி படித்தவராம். என் மருமகளை என்னிடமிருந்து காப்பாற்ற ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம்!

அன்றைக்கு நீ அழுதுகொண்டே கடைக்குள் ஓடி வந்து போனை நீட்டினாய். நானும் படம் வரைகிற பெண்தான் என்று சொல்லி உன்னோடு பழகின ஒருத்தி, பெண்ணே இல்லை. எவனோ ஒரு தடியன். உன் முகத்தை வெட்டி வேறு எதிலோ ஒட்டி அசிங்கம் பண்ணி வைத்துக்கொண்டு, சொன்னபடி கேள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுவேன் என்கிறான். நாலு வரி படித்தேன். ரத்தம் தலைக்கேறிவிட்டது. சுத்தியலை எடுத்தேன். ஒரே போடு. போன் தூள். அவன் கதை அங்கேயே முடிந்தது. மறுநாள் அவன் அந்தப் படத்தை உன் வகுப்புக்கு அனுப்பினதும், நீ பஸ் ஏறினதும் தனி விஷயம்.

அதோடு விட்டேனா? அன்று சாயங்காலமே போய் அவன் கதவை உதைத்துத் திறந்து ஒரு அறை விட்டேன். மூன்று பல் தரையில் உருண்டது. நாலாவது பல் கையெடுத்துக் கும்பிட்டதால் விட்டுவிட்டு வந்தேன்.

ஆகையால் பயப்படாதே. சீக்கிரம் வீடு வந்து சேர். கடல் தாண்டி வேலை செய்கிற உன் அம்மாவிடம், பிள்ளை டூர் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அன்பு மாமா,
கண்ணாடி இன்ஜினியர்


ஜூன் 17

மாமாவுக்கு,

மிளகு எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தைக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சாப்பாடு போடுகிறார்கள். அடுப்பு பற்ற நீங்கள் வரவேண்டாம்.

நான் டூர் போகவில்லை. மேடம் அம்மாவிடம் எல்லாவற்றையும் பேசிவிட்டார். அம்மா அழுதாள். அப்புறம், உன்மேல் தப்பில்லை என்றாள். அதை எனக்கு முதலில் சொன்னது மேடம். இரண்டாவது அம்மா. உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். பல் இருந்தது, சுத்தியல் இருந்தது. அது இல்லை.

நீங்கள் எந்தக் கதையையும் முடிக்கவில்லை மாமா. அவன் எழுதினதெல்லாம் அந்த போனில்தான் இருந்தது. அவன் தன் கணக்கையே அழித்துவிட்டான். அந்த ஆப் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்கள், பதில் எப்போது வருமோ தெரியாது. இப்படி ஏதாவது வந்தால் எதையும் அழிக்காதே, பதில் போடாதே, படம் பிடித்து வைத்துக்கொண்டு நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் காட்டு என்று இங்கே எல்லாருக்கும் சொல்லித் தருகிறார்கள். நான் அதைத்தானே செய்தேன்? பெரியவரிடம்தானே காட்டினேன்?

இப்போது அதைப் பார்த்தவர்கள் நீங்களும் நானும்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களைக் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று. யார் பல்லை உடைத்தீர்கள்? அவன் யாரென்று தெரியாததுதான் இங்கே எல்லாருக்கும் கவலை. உங்களுக்குத் தெரியுமென்றால் சொல்லுங்கள், மேடம் நாளைக்கே கிளம்பி வருவார். தெரியாதென்றால் பல் கதையை நிறுத்துங்கள். அவன் யாரென்று தெரியாமல் என்னால் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. பால் போடுகிறவரா, கண்டக்டரா, எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற அண்ணனா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடக்கணும்.

அவன் பெண் வேஷத்தில் இருந்தபோது, இதுதான் என் ரூம் என்று ஒரு படம் அனுப்பினான். ஒரு மேஜை. பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. அதன் மூலையில் மஞ்சளாக, பூ மாதிரி ஏதோ ஒன்று. நீங்கள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது அதுவும் வந்தது. ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக்காரர் ஆயிற்றே, ஏதாவது தெரிகிறதா?

மிளகு


ஜூன் 24

என் கோபக்கார மிளகுக்கு,

மாமாவின் ஆசிகள். நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். அத்தையின் இடுப்பு, பழையபடி என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டது. உனக்குத் தூக்கம் வருகிறதா?

ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தைக் கேட்டிருக்கணும் நீ! வாயைத் திறந்தேன், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள், ஒரு வார்த்தை தவறிவிடக்கூடாது என்று. எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கை வலித்து ஆளை மாற்றினார்கள். நூறு மிரட்டல் படித்தேன் என்றேன். கத்தி படம் ஒன்று, துப்பாக்கி படம் இரண்டு. பத்துப் பேர் சேர்ந்த வெளிநாட்டுக் கும்பல், எனக்குச் சந்தேகமே இல்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றேன். பெரிய அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அசந்துபோய்விட்டார் மனுஷர்.

பல் விஷயம் கேட்டாய். அது கொஞ்சம் வேகமாக எழுதினது. நான் உதைத்தது வேறு கதவு, அது வேறு தகராறு.

ரூம் படம் எதையும் நான் பார்க்கவில்லை. மிரட்டலைப் படித்ததும் கண்ணில் நெருப்புப் பறந்தது, அப்புறம் எதைப் பார்ப்பது? அந்தக் கண்ணாடியை விட்டுத் தள்ளு. ஊரில் வீட்டுக்கு வீடு நிலைக்கண்ணாடி.

நீ போனை எடுத்ததே தப்பு என்று தெருவில் இரண்டு பேர் பேசினார்கள். பேசின வாய் இன்னும் வீங்கிக் கிடக்கிறது. தப்பு உன்மேல் இல்லை. எழுதிவிட்டேன், போதுமா?

மாமா,
கண்ணாடி இன்ஜினியர்


ஜூலை 6

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருமகளைப் பார்த்துக்கொள்ளும் சமூகப் பணியாளர் எழுதுகிறேன். நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் நலம் என்று நம்புகிறேன். அவள் உடல்நலம் பரவாயில்லை. வரைவதை நிறுத்திவிட்டாள்.

உங்கள் வாக்குமூலத்தைப் படித்தேன். நூறு மிரட்டல் என்கிறீர்கள். அவள் சொல்வது பத்துக்கும் குறைவு. கத்தி, துப்பாக்கி என்கிறீர்கள். அப்படி ஒன்றுமே வரவில்லை என்கிறாள். உங்கள் இருவரில் யார் பொய் சொல்கிறார் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். சின்னப் பெண், பயத்தில் உளறுகிறாளோ என்றும் கேட்டார். புரிகிறதா? பெரியவர் சொன்ன பொய்க்குச் சந்தேகம் பிள்ளைமேல் விழுகிறது.

அந்தப் படத்தைத் தெரிந்த இடங்களிலிருந்தெல்லாம் எடுக்க வைத்திருக்கிறோம். பள்ளிக்குப் போய் அவள் வகுப்பிலும் பெற்றோர் கூட்டத்திலும் பேசினேன். பார்த்தவர்கள் தலைகுனியவேண்டும், அவள் இல்லை என்று சொன்னேன். எங்களால் ஆனது இவ்வளவு. இதற்குமேல் ஒருவரால்தான் முடியும். அது நீங்கள்.

நீங்கள் கூட்டிச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவளைப் பொய்க்காரி ஆக்குகிறது. பார்த்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். ஆள் யாரென்று தெரியும்வரை அவளை அந்தத் தெருவுக்கு அனுப்ப மாட்டேன். நீங்கள் எத்தனை சத்தம் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஹோம் சமூகப் பணியாளர்


ஜூலை 14

மிளகுக்கு,

மாமா எழுதுவது. சுகம்தான், மனசு மட்டும் சரியில்லை. நீ வரைவதை விட்டுவிட்டாயாமே? அதெல்லாம் கூடாது. உன் படங்களைச் சட்டம் போட்டு மாட்ட நான் கண்ணாடி எடுத்து வைத்திருக்கிறேன், அரண்மனைக்குப் போகிற ரகம்.

உன் மேடம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கடிதமா அது? வாத்தியார் பிரம்பு மாதிரி இருக்கிறது. நான் பொய் சொல்கிறேனாம்! மந்திரி வீட்டுக் குளியலறைக்கே கண்ணாடி போட்டவன், என்னைப் பார்த்து! நடந்ததைக் கொஞ்சம் உப்புப் போட்டுச் சொன்னால்தான் ஸ்டேஷனில் காதில் ஏறும் என்று இவருக்கு யார் சொல்வது?

உலகத்தில் எல்லாரும் இப்படி இல்லை. நீ படித்த பயிற்சி மையத்துக்காரர், நம் சென்டர் சார், எவ்வளவு படித்தவர்! ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, ‘இந்த அறைகளின் கண்ணாடித் தடுப்பெல்லாம் நம் கண்ணாடி இன்ஜினியர் கைவண்ணம்’ என்று சொல்லி, முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டாரே. அன்றிலிருந்துதானே எனக்கு அந்தப் பெயர்? நேற்றுக்கூடக் கடைக்கு வந்தார். உன்னைப் பற்றி விசாரித்தார். எந்த ஊர் ஹோம் என்று கேட்டார். ஏனோ அப்போது பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. அவர் போனபிறகுதான் நின்றது.

கண்ணாடி கண்ணாடி என்று நீ பிடித்துக்கொண்டு தொங்காதே. இடது பக்கக் கீழ்மூலையில் பித்தளைப் பூ ஒட்டுவதெல்லாம் வெளிநாட்டு வேலை. நம் ஊரில் யாரும் செய்வதில்லை. நான் செய்ததே இல்லை. மூலை உடைந்த கண்ணாடிக்குத்தான் அந்த ஒட்டு வேலை. என் கையில் மூலை உடையாது.

மாமா,
கண்ணாடி இன்ஜினியர்


ஜூலை 20

மாமா,

நான் சுகமாக இல்லை. உங்கள் சுகத்தை இன்றைக்குக் கேட்கப்போவதும் இல்லை.

நான் எழுதினது ‘மூலையில் மஞ்சளாகப் பூ மாதிரி ஏதோ ஒன்று’. இடது பக்கம் என்று எழுதவில்லை. கீழே என்று எழுதவில்லை. பித்தளை என்று எனக்கே தெரியாது. ரூம் படத்தைப் பார்க்கவே இல்லை என்று போன மாதம் எழுதினீர்கள். இப்போது அந்தப் பூ எதனால் ஆனது, எதற்கு ஒட்டுவது என்று வரைக்கும் எழுதுகிறீர்கள். வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் மாட்டியிருக்க மாட்டீர்கள். அதுதான் உங்களால் முடியாதே.

யார் வீட்டுக் கண்ணாடி அது?

நான் சின்ன வயசிலிருந்து உங்கள் கதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள். எல்லாரும் ‘உங்க மாமா அளப்பாரே’ என்று கேலி பண்ணும்போது சண்டைக்குப் போனவள். அளந்தாலும் எனக்கென்று ஒன்று வந்தால் நிற்பார் என்று நினைத்துத்தான் அன்றைக்கு ஓடி வந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு பக்கம், கடை தூரம். நான் கடைக்குத்தான் வந்தேன்.

நீங்கள் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வெளிநாட்டுக் கும்பல் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்தீர்கள். கதை விட்டதாக நினைத்தேன். மறைத்திருக்கிறீர்கள்.

இதற்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும். யார் வீட்டுக் கண்ணாடி? வேறு எதையும் எழுதாதீர்கள். நாய் சுகமா என்றுகூட.


ஆகஸ்ட் 19

மிளகுக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதம். இங்கே நல்ல மழை. கடைக்குள் ஒழுகுகிறது. எனக்கு முதுகுவலி, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

நீ கேட்டது பற்றி நேரில் பேசலாம். எழுத்தில் எல்லாம் சரியாக வராது.

கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன், வர்ணம் வாங்கிக்கொள்.

மாமா,
கண்ணாடி இன்ஜினியர்


ஆகஸ்ட் 25

மாமா,

பணத்தை மேடம் திருப்பி அனுப்புவார். நான்தான் சொன்னேன்.

இங்கே ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். என்னைவிடச் சின்னவள். வந்த அன்றைக்கு மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நடந்ததைப் பற்றி நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்கக்கூடாது, அதற்கென்று மேடம் இருக்கிறார். நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தையும் பென்சிலையும் தள்ளி வைத்தேன். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். “எனக்கு வரையவே வேணாம்க்கா. ‘இந்த ஊர்லயே நாம ரெண்டு பேர்தான் கலைஞர்’னு சொல்லிச் சொல்லித்தான்…” என்றாள். அவ்வளவுதான்.

அந்த வரியை நான் வாசித்திருக்கிறேன். நீங்களும் வாசித்திருக்கிறீர்கள். அதே வரி. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அவள் நம் ஊர். சென்டரில் படிக்கிறவள். ஜூலையிலிருந்துதான் தனக்கு ஆரம்பித்தது என்று மறுநாள் அவளே சொன்னாள். ஜூலையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இருமிக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஒரு பெயரும் எழுதப்போவதில்லை. எனக்கு அந்தக் கண்ணாடி தெரியாது. நான் சொன்னால் ஊகம் என்பார்கள். கண்ணால் பார்த்து, இது இன்னாருடையது என்று சொல்லக்கூடிய ஒருவர் நீங்கள்.

உங்கள் கையெழுத்துக்குக் கீழே அந்தப் பட்டத்தை இனிமேல் எழுதி அனுப்பாதீர்கள். யார் கொடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.


செப்டம்பர் 2

மேடத்துக்கு,

வணக்கம். உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஒரு பக்கம் போதும் என்று எழுதியிருந்தீர்கள். எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் நான் சொன்ன கும்பல் பொய். கத்தி பொய். நூறு பொய். பல் உடைத்ததும் பொய்.

நடந்தது இது. பிள்ளை போனை நீட்டினாள். மிரட்டலைப் படித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. மேலே தள்ளினேன். ‘இந்த ஊர்லயே நாம ரெண்டு பேர்தான் கலைஞர்’ என்று இருந்தது. இன்னும் தள்ளினேன். அறைப் படம் வந்தது. அதில் இருந்த நிலைக்கண்ணாடி நான் வெட்டியது. வெட்டும்போது பிசகி இடது கீழ்மூலை உடைந்தது. அதை மறைக்க, பழைய அலமாரியிலிருந்து கழற்றின பித்தளைப் பூவை ஒட்டி, புது டிசைன் என்று சொல்லிக் கொடுத்தேன். அப்படி ஒன்றுதான் செய்தேன். அது பயிற்சி மையம் நடத்துகிறவரின் வீட்டு மாடி அறையில் இருக்கிறது. நானே தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். என்னை இன்ஜினியர் என்று கூப்பிட்ட படித்த மனுஷர் அவர் ஒருவர். இன்னொரு தடவை அந்தப் படத்தைப் பார்த்தால் நம்பவேண்டி வரும். அதனால் போனை உடைத்தேன். ஆத்திரத்தில் உடைக்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். “வாங்க இன்ஜினியர்” என்றார். டீ கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனேன். பூ இருந்தது. இறங்கி வந்தேன். “என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். “வெயில் சார்” என்றேன். “உங்க மருமகளை ஆன்லைன்லயே காணோம்னு சென்டர் பிள்ளைங்க சொல்லுதே?” என்றார். “போனை உடைச்சுட்டேன் சார், சுக்குநூறா” என்றேன். அதையும் பெருமையாகத்தான் சொன்னேன். “நல்ல காரியம் பண்ணீங்க” என்றார். மறுநாள் காலையில் படம் வகுப்புக்குப் போனது. சாட்சி அழிந்துவிட்டது என்று அவனுக்குப் போய்ச் சொன்னவன் நான்.

உடைந்த மூலைத் துண்டு கடைப் பரணில் கிடக்கிறது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் பொருந்தும். எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். இந்தக் கண்ணாடியைக் கெடுத்தவன் நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

இதை மிளகிடம் காட்டலாம்.

அவள் மாமா


செப்டம்பர் 23

மாமா,

காட்டினார்கள். படித்தேன்.

அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனார்களாம். புதுப் பெண்ணின் போன் உடையாமல் மேடத்திடம் பத்திரமாக இருக்கிறது. அதில் அதே அறைப் படம், அதே பூ. உங்கள் துண்டு பொருந்தியது என்று மேடம் சொன்னார். உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையைக்கூட அடிக்கவேண்டியதில்லை என்றும் சொன்னார்.

இதற்காக நான் உங்களைப் பாராட்டணும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேடம் சென்டர் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னும் மூன்று பேர் வாய் திறந்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் நீங்கள் அந்த டீயைக் குடித்துவிட்டு இறங்கின பிறகுதான் ஆரம்பித்திருக்கிறது. அதில் ஒருத்தி தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொண்டாளாம், யாரும் தன் படம் எடுக்கக்கூடாதென்று. அந்த மூன்று பேரும் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். நான்தான் எழுதணும்.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்தே ஆகணும் என்று ஒன்றுமில்லை, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். அம்மா லீவில் வருகிறாள். அவள் திரும்பும்போது அவளோடு போய்க் கொஞ்ச நாள் இருப்பேன். அங்கே ஒரு பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறார்கள்.

என்னைப் பார்க்க வராதீர்கள். எழுதுங்கள். நடந்ததை மட்டும். ஒன்றைக் கூட்டி எழுதினாலும் எனக்குத் தெரிந்துவிடும். கிழித்துப் போட்டுவிடுவேன்.

அத்தைக்கு என் அன்பு. அத்தைக்கு மட்டும்.

மிளகு


அக்டோபர் 4

மிளகுக்கு,

மாமா எழுதுவது. சுகம். அத்தை சுகம். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நாய் சுகம்.

சென்டர் பூட்டியிருக்கிறது. தெருவில் பாதிப் பேர், நல்ல மனுஷன் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்கிறார்கள். மீதிப் பேர், இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்கிறார்கள். இரண்டாவது கேட்கிறவர்கள் கேட்பது சரிதான்.

நேற்று மத்தியானம் கடையின் முன்கண்ணாடியில் யாரோ கல்லை விட்டெறிந்தார்கள். ஒரு கல். எறிந்தவரை நான் பார்க்கவில்லை. துரத்திக்கொண்டு ஓடவில்லை. பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்துவிட்டு அப்புறம்தான் வெளியே வந்தேன்.

இன்றைக்குப் புதுக் கண்ணாடி வெட்டினேன். முதல் வெட்டு பிசகிவிட்டது. இன்னொன்று எடுத்து வெட்டினேன்.

மாமா